கழித்தல் பதினொன்று

கடலடிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.
கிளாக்ஸ்விக்கில் பிப்ரவரிக் காற்று கதவைத் தட்டாது,
தோள் கொடுத்து இடிக்கும்.
ஆகவே மூன்று பேர் என் சமையலறையில் அகப்பட்டார்கள்.
வேறு வழியில்லாதவர்களைத்தான்
சோதனை ஆட்டத்துக்கு நான் உட்கார வைப்பது.

தானியப் பெட்டிகளை நறுக்கிச் செய்த நூற்றைம்பது சதுரங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு நூல் உள்ளே வந்து
எங்கோ வளைந்து வெளியே போகும்.
நூலோடு நூல் பொருத்தி
நாற்பத்தைந்து சதுரத்தில் ஒரு ஸ்வெட்டர் முடிக்க வேண்டும்.
எங்காவது நுனி தொங்கினால் பூனை வரும்.
வந்த பூனை ஒரு சதுரத்தைத் தள்ளிவிட்டு
அந்த இடத்தில் படுத்துக்கொள்ளும்;
மூன்று புள்ளி கழியும்.
பதினான்கு பக்க விதிநூல்.
அந்த ஒரு நூலில் மட்டும் சிக்கே இல்லை
என்று இரண்டு வருடமாய் நம்பியிருந்தேன்.

ஹெயின் வங்கியில் கடன் பிரிவு.
ஓரத்திலிருந்து தொடங்கினான், பென்சிலைக் கடித்தபடி.
ரன்வா ஒரே சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
தேநீரை ஆறவிட்டாள்.
சுன்னிவா மீன் ஆலையிலிருந்து நேரே வந்தவள்.
மணிக்கட்டில் ஒரு சால்மன் செதில் இன்னும் மினுங்கியது.
மேசைக்கடியில், அவள் மடியில்,
யாரும் கேட்காமலே ஒரு காலுறை வளர்ந்துகொண்டிருந்தது.

என் சதுரம் ஒன்றை விளக்கருகே பிடித்தாள்.
"கண்ணி இப்படி விழாது. உனக்குப் பின்னத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
தெரிகிறது என்றாள்.

மூன்றாவது சுற்றிலேயே ஒரு நுனியைத் தொங்கவிட்டாள்.
கவனம், பூனை வரும், என்றேன்.
"வரட்டும்."
வந்தது. அக்குளில் ஒன்று.
அடுத்த சுற்றில் கழுத்துப் பட்டையில் இரண்டு.
பிறகு நான் எச்சரிப்பதை நிறுத்திவிட்டேன்.
ரன்வாதான் பூனைகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்,
தன் முறை வந்ததையே மறந்து:
இந்தக் காது கிழிந்ததை முழங்கையில் வை,
இது குண்டு, இதற்கு வயிற்றுப் பக்கம்தான் சரி.

நிஜப் பூனை குளிர்பெட்டி மேல் இருந்தது.
கறுப்பு என்பதால் அதற்குக் காக்கை என்று பெயர்.
இவ்வளவு ஆரவாரத்துக்கும் அது கண் திறக்கவில்லை.

ஹெயின் முடித்தான். நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து.
தொங்கல் இல்லை, இடைவெளி இல்லை,
அச்சடித்தது போல ஒரு ஸ்வெட்டர்.
நன்றாயிருக்கிறது என்றோம்.
உடனே மூவரும் மறுபக்கம் சாய்ந்தோம்;
சற்றுப் பொறுத்து அவனும்.
பெட்டியிலிருந்த பதினான்கு பூனைகளும் அங்கே.
இடது கையில் வாலும் வலது கையில் மீசையுமாய்
எந்த மனிதனும் போட முடியாத ஒரு உடுப்பு.
கூட்டிக் கழித்துச் சொன்னேன்:
கழித்தல் பதினொன்று.

அவள் சிரிக்கவில்லை. ஊசியை நிறுத்தவுமில்லை.
"பெட்டி மேல் பூனைப் படம் போட்டிருக்கிறாய்.
வரக்கூடாது என்றால் எதற்குப் படம்?"

நடு இரவில், அவர்கள் கூடத்தில் போர்வைக்கு
இழுபறி செய்து உறங்கிய பிறகு,
ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து ரப்பரை எடுத்தேன்.
மூன்று என்ற எண்ணுக்கு முன்னால்
ஒரு சின்னக் கோடு. கண்ணி அளவுகூட இல்லை.
அதைத் துடைத்தால் போதும்.
ஆனால் கூடத்திலிருந்து ஹெயினின் குரல்:
"துடைக்காதே. துடைத்தால் எல்லாருமே தொங்கவிடுவார்கள்.
அப்புறம் புதிர் எங்கே?"
அவனும் தூங்கவில்லை.
அவன் சொன்னதும் சரி.

கோடு இன்னும் இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக.

காலையில் சுரங்கம் திறந்தது.
மேசையில் சாம்பல் நிறக் காலுறை, ஒற்றை,
கட்டாமல் விட்ட நுனியோடு.
மறந்தாளா, விட்டுப்போனாளா, தெரியவில்லை.
காக்கை கீழே இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று செய்தி.
வானிலை அறிக்கையைப் பார்த்தேன்: காற்று இல்லை,
சாலை நாள் முழுதும் திறந்திருக்கும்.
இந்த முறை
அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.